ஒரு ஜோடிக்கு மூன்று நிமிடம்: ஸ்விங் நடன மாலைக்குப் பாட்டுப் போடுவது எப்படி?

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அங்கே சனிக்கிழமை மாலைகளில் பதினைந்து பேர் சேர்ந்து 1930களின் அமெரிக்க ஸ்விங் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனம் பழகி வருகிறார்கள். அடுத்த மாதம் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் முப்பது பேர் மலையேறி வருகிறார்கள். இவர் கல்யாண வீடுகளில் டிஜேவாக இருப்பவர் என்பதால், அந்த மாலையின் மூன்று மணி நேர இசையையும் இவர் தலையில் வைத்துவிட்டார்கள். "ஸ்விங் பாட்டு பிடிக்கும், ஆனால் ஆடுகிறவர்களுக்குப் போட்டதில்லை. எங்கே தொடங்குவது?" என்பது கேள்வி. உதகையில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, கல்யாண மண்டபத்தில் நீங்கள் கற்ற திறமைகளில் ஒன்றை அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு பாட்டின் வாலோடு அடுத்த பாட்டின் தலையைத் தைக்கும் திறமைதான் அது. மண்டபத்தில் இசை நின்றால் கூட்டம் கலைந்துவிடும். ஸ்விங் மாலையில் பாட்டு நிற்கத்தான் வேண்டும். முடிகிற இடம் எல்லோருக்கும் தெரிகிறபடி முடிய வேண்டும்.

காரணத்தை நம் மலையை வைத்தே சொல்லிவிடலாம். படுகர் வீட்டுத் திருமணத்தில் வட்டமாக நின்று ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு எவ்வளவு நீண்டாலும் அங்கே யாருக்கும் சிரமமில்லை. களைத்தவர் வட்டத்திலிருந்து விலகிக்கொள்வார், புதிதாக வந்தவர் நுழைந்துகொள்வார், வட்டம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். லிண்டி ஹாப் இருவர் கைகோத்து ஆடுவது. பாட்டு தொடங்கும்போது ஒருவர் கையைப் பிடித்தால், அது முடியும்வரை விடுவது மரியாதையில்லை. பொருந்தாத ஜோடியாக இருந்தாலும், முழங்கால் வலித்தாலும், வெளியேற வழி ஒன்றுதான்: பாட்டு முடிவது. அதன்பின் நன்றி சொல்லி, தண்ணீர் குடித்து, அடுத்து யாரோடு ஆடலாம் என்று கண்களால் தேடுவார்கள். முதல்முறை வந்த பெண் ஒருத்தி, "என்னோடு ஆடுகிறீர்களா?" என்று கேட்கத் துணிவதும் அந்த இடைவெளியில்தான். ஐந்தாறு விநாடி மௌனத்தை விட்டுவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்குங்கள். நீங்கள் போடுவது மூன்று மணி நேர இசை அன்று. ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று மூன்று நிமிடமாகக் கொடுக்கிறீர்கள். இனி நான் சொல்லும் எல்லாமே இதிலிருந்து பிறப்பவைதாம்.

முதலில் நீளம். இரண்டரை நிமிடத்திலிருந்து நான்கு நிமிடம்வரை சரி. ஐந்தைத் தொட்டால் மிகச் சிறந்த பாட்டாக இருக்க வேண்டும். நல்வாய்ப்பாக, அந்தக் காலத்து ரெக்கார்டுகளே இந்த அளவில்தான் வந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பத்து அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இசை கொள்ளும். அதை வார்க்கத் தேவைப்பட்ட அரக்கு பெருமளவில் நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனது. போர் வந்து அரக்கு கிடைப்பது அரிதாகி, 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கமும் ஒலிப்பதிவைப் புறக்கணித்ததால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரிய இசைக்குழுக்களின் வணிக ரெக்கார்டுகள் மிகக் குறைவு. நீங்கள் தேடிச் சேர்க்கும்போது 1935 முதல் 1942 வரையிலான பாட்டுகளே அதிகமாகக் கையில் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பென்னி குட்மன் குழுவின் 'சிங் சிங் சிங்' 1937இல் பன்னிரண்டு அங்குல ரெக்கார்டின் இரண்டு பக்கங்களையும் நிரப்பி எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஜீன் க்ரூபாவின் டிரம்ஸ் கேட்கப் பிரமாதம். ஆனால் மாலை நடுவே அதைப் போட்டால், ஐந்தாவது நிமிடத்தில் ஜோடிகளின் முகத்தைப் பார்க்கவே உங்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

அடுத்தது, எது ஸ்விங் என்று காதால் அறிவது. கொஞ்சம் கர்நாடக இசை கேட்டவர் என்றால் இது எளிது. ஒரு தட்டைத் 'தகிட' என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள்: தாஅ-ட, தாஅ-ட, தாஅ-ட. கிட்டத்தட்ட இதுதான் ஸ்விங் நடை. வேகம் கூடக்கூட அந்த நீட்டல் குறைந்து, இரண்டு பாதியும் சமத்தை நெருங்கும். நான்கு தட்டுகளில் நம் காது முதல் தட்டில், அதாவது சமத்தில், போய் நிற்கும். ஸ்விங்கில் டிரம்ஸ்காரரின் ஹை-ஹாட் சிம்பல் இரண்டிலும் நான்கிலும் மூடும். ஒரு பாட்டைக் கேட்கும்போது இரண்டுக்கும் நான்குக்கும் விரலைச் சொடுக்கிப் பாருங்கள். சொடுக்கு இயல்பாக விழுந்து, கூடவே எழுந்து நடக்கத் தோன்றினால் அந்தப் பாட்டை எடுத்து வையுங்கள்.

நடக்கத் தோன்றுவதுதான் முக்கியம். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் என்ன வித்தை காட்டினாலும், ஆடுகிறவர் கால் வைப்பது அடியில் ஓடும் தாளத்தின்மேல்தான். இதற்குப் பாடம் என்றால் கவுன்ட் பேஸி குழுவின் 1937, 38, 39ஆம் ஆண்டு ரெக்கார்டுகள். வால்டர் பேஜின் டபுள் பேஸ் நடந்துகொண்டே இருக்கும். ஜோ ஜோன்ஸ் டிரம்ஸை அடிப்பதைவிடத் தடவுவதுதான் அதிகம். ஃப்ரெடி க்ரீன் கிட்டாரில் நான்கு தட்டையும் சீராக மீட்டிக்கொண்டிருப்பார். 1937இல் அந்தக் குழுவில் சேர்ந்தவர், 1987இல் இறக்கும்வரை அதையே செய்தார். அரை நூற்றாண்டு! பேஸி பியானோவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரலை வைப்பார். அந்த வெற்றிடத்தில் ஆடுகிறவர் தன் சொந்த அசைவை வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் இவர்களை மட்டும் கேளுங்கள். பிறகு சிக் வெப், ஜிம்மி லன்ஸ்ஃபோர்ட், டியூக் எலிங்டனின் 1940 முதல் 42 வரையிலான குழு, ஃபேட்ஸ் வாலர், குட்மனின் சிறு குழுக்கள் என்று போகலாம். இன்று ஆடுகிறவர்களை மனத்தில் வைத்தே பதிவு செய்யும் ஜோனதன் ஸ்டவுட், நேயோமி உயாமா போன்றோரின் குழுக்களும் உண்டு. பழைய ரெக்கார்டின் இரைச்சலுக்குப் பழகாத புதியவர்களுக்கு அவை நல்ல வாசல்.

சிக் வெப் பெயரைச் சொன்னபின் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் 1926இல் திறந்த சவாய் பால்ரூமில் அவர்தான் ஆஸ்தான இசைக்குழுத் தலைவர். முதுகெலும்புக் காசநோயால் உடல் குறுகிப்போனவர், டிரம்ஸ் முன் அமர்ந்தால் கூடத்தையே ஆட்டுவித்தார். அங்கே இரண்டு மேடைகள் இருந்தன, குழுக்கள் மாறி மாறி வாசிப்பார்கள். 1937 மே 11 அன்று குட்மன் குழு போட்டிக்கு வந்தது. நாடு முழுக்கப் புகழ் பெற்றிருந்தது குட்மன்தான், ஆனால் அன்றிரவு வென்றது வெப் என்பதே கூடத்தின் தீர்ப்பு. ஃப்ராங்கி மேனிங், நார்மா மில்லர் போன்ற ஆட்டக்காரர்கள் வளர்ந்த தரை அது. தன் தரையில் ஆடுகிறவர்களை இரவு தோறும் கண்ணெதிரே பார்த்து வாசித்தவர் வெப். நீங்கள் அமரப் போவது அவர் அமர்ந்த இடத்தில். கையில் டிரம்ஸ் குச்சிக்குப் பதில் மடிக்கணினி இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வேகம். ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். மென்பொருளை மட்டும் நம்ப வேண்டாம். 160 தட்டுள்ள பாட்டை 80 என்று காட்டிவிடும். 120 முதல் 180 வரை பெரும்பாலோர் வசதியாக ஆடும் எல்லை. 200ஐத் தாண்டினால் பழகியவர்களுக்கு மட்டுமே. 100க்குக் கீழே இறங்கினால் அது ப்ளூஸ் ஆட்டத்தின் பக்கம் போய்விடும்.

இந்தக் கணக்கெல்லாம் சமவெளிக்கானது. நம் ஊருக்கு வேறு கணக்கு உண்டு என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு குழு உதகைக்கு வந்தது. மதியம் வந்து இறங்கியவர்கள், மாலையில் ஆட வந்துவிட்டார்கள். எல்லோரும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், 190, 210, 220 என்று தொடர்ந்து மூன்று பாட்டு போட்டேன். மூன்றாவது முடியும்போது தரையில் இரண்டே ஜோடி. மற்றவர்கள் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்று நினைத்து நான்காவதாக இன்னும் துடிப்பான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மேசைக்கு வந்து, ஒரு கையை மார்பில் வைத்தபடி, "அண்ணா, பாட்டு அருமை, மூச்சுதான் வரவில்லை" என்றார். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அதே மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். இங்கேயே வாழ்கிற நமக்கு இது நினைவிலேயே இருப்பதில்லை. குன்னூர் கொஞ்சம் கீழே, ஏறத்தாழ 1,850 மீட்டர்தான். ஆனாலும் வந்த அன்றே ஆடுகிறவர்களுக்கு அதுவும் உயரமே. உங்கள் விருந்தினர்களுக்கு முதல் மாலையில் 180ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வேகமான ஒரு பாட்டுக்குப் பின் 130, 140இல் ஒன்று கொடுங்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை நம் மலைப்பாதை போல நினைத்துக்கொள்ளலாம். வண்டி ஏறிக்கொண்டே போனால் சூடாகிவிடும். தொடக்கத்தில் உடலும் குளிர்ந்திருக்கும், தரையும் குளிர்ந்திருக்கும். 130இல் ஆரம்பித்து 145, 155 என்று ஏறி, 170ஐத் தொட்டு, 140க்கு இறங்கி, மறுபடி ஏறுங்கள். ஒரே வேகத்தில் மூன்று பாட்டு வேண்டாம். வேகம் மாறினால் மட்டும் போதாது. குரல் பாட்டுக்குப் பின் கருவி இசை, பதினைந்து பேர் வாசிப்பதற்குப் பின் நால்வர் வாசிப்பது, சிரிக்கவைக்கும் பாட்டுக்குப் பின் தோளில் சாயத் தோன்றும் பாட்டு என்று குணமும் மாறட்டும். அன்றைக்குப் பயிற்சி வகுப்பு இருந்தால், வகுப்பில் என்ன வேகத்தில் பழகினார்களோ அதே வேகத்தில் முதல் இரண்டு பாட்டையும் போடுங்கள். அப்போதுதான் புதியவர்கள் கற்றதை உடனே செய்து பார்ப்பார்கள்.

மூன்று மணி நேரத்துக்குச் சுமார் 55 பாட்டு தேவைப்படும். 150 பாட்டையாவது கேட்டு, வேகம் குறித்து, கையில் வைத்திருங்கள். 55ஐயும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வராதீர்கள். அடுத்த பாட்டு எது என்பதைத் தரையைப் பார்த்தபின் முடிவு செய்ய வேண்டும், அதற்குத்தான் அந்த மேசையில் ஒரு மனிதர் இருக்கிறார்.

தரையைப் பார்ப்பது என்றேன். ஆடிக்கொண்டிருப்பவர்களைவிட நான் அதிகம் பார்ப்பது சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களின் காலை. எங்கள் மாலைகளுக்கு அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வருவார். கம்பளிக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் அமர்வார். யாரையும் அவராகக் கேட்க மாட்டார். பாட்டு பிடித்துவிட்டால் முதலில் அவருடைய வலது குதிகால் மட்டும் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி இறங்கும். மேல் உடம்பு அசையாது, முகம் அசையாது. அப்புறம் இடது காலும் சேர்ந்துகொள்ளும். இரண்டு குதிகாலும் எழும்புவதைப் பார்த்தால், அடுத்ததாக அதே குணமுள்ள, ஐந்து பத்து தட்டு மட்டும் குறைந்த ஒரு பாட்டைப் போடுவேன். அது தொடங்கிய சில விநாடிகளில் குல்லா நாற்காலிக்குப் போய்விடும், அவர் எழுந்து நிற்பார். நின்றவரை யாராவது கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். இந்த ஒருவரை எழுப்புவதற்காக நான் எத்தனையோ நல்ல பாட்டுகளை விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. உங்கள் கூடத்திலும் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஒரே ஆள் தொடர்ந்து மூன்று பாட்டுக்கு உட்கார்ந்திருந்தால், அவருக்காக ஒன்று தேடுங்கள்.

ஒலியைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் இங்கே சில பழக்கங்களை மாற்ற வேண்டும். பேஸை ஏற்றுவது முதலாவது. 1938ஆம் ஆண்டு ரெக்கார்டில் அடிவயிற்றை அதிரவைக்கும் ஒலி கிடையவே கிடையாது. இல்லாததை ஏற்றினால் வருவது உறுமல்தான். சப்-வூஃபரைக் குறைத்து, நடு ஒலியைச் சற்றே உயர்த்துங்கள், டபுள் பேஸின் நடை தெளியும். இரைச்சல் அதிகமென்றால் மேல் ஒலியைக் கொஞ்சம் மட்டும் குறைக்கலாம். அதிகம் குறைத்தால் இரைச்சலோடு சிம்பலும் போய், ஆடுகிறவர் தாளத்தைத் தேட வேண்டிவரும். இரண்டாவது, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிறபடி மிக்ஸரை மோனோவில் வையுங்கள். ஸ்டீரியோ புதிதாக வந்த 1950களின் இறுதியிலும் 60களிலும் செய்த பதிவுகள் சிலவற்றில் டிரம்ஸ் முழுக்க ஒரு பக்கமும் ஊதுகருவிகள் முழுக்க மறுபக்கமும் இருக்கும். நீண்ட கூடத்தில் இரண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருந்தால், ஒரு பாதியில் ஆடுபவருக்குத் தாளமே கேட்காது. மூன்றாவது, பழைய பதிவுகள் சன்னமாகவும் புதியவை உரக்கவும் இருக்கும். ஹெட்ஃபோனில் அடுத்த பாட்டைக் கேட்டு, ஒலி அளவைச் சரிசெய்த பிறகே வெளியே விடுங்கள். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டிய அளவு சத்தம் இந்த மாலைக்கு வேண்டாம்.

இணையத்தில் ஓடவிட்டுப் போடலாம் என்று எண்ண வேண்டாம். மழை பிடித்துக்கொண்டால் நம் ஊரில் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாமே கணினிக்குள் இருக்கட்டும், ஒரு நகல் போனிலும் இருக்கட்டும். கூடத்தில் இன்வெர்ட்டர் இருந்தால், ஸ்பீக்கரும் அதோடு இணைந்திருக்கிறதா என்று முன்னாலேயே பாருங்கள். விளக்கு எரிந்து பாட்டு நின்றுபோன மாலை ஒன்று எனக்கு வாய்த்தது. மூடுபனி இறங்கும்போது சன்னல்களைச் சாத்திவிடுங்கள். மரத்தரை ஈரம் குடித்துவிட்டால் காலணி ஒட்டும், சுழலும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பவுடர் தூவுவார்கள் சிலர், அனுமதிக்காதீர்கள்.

எதைத் தவிர்ப்பது? எலக்ட்ரோ ஸ்விங் என்ற பெயரில் பழைய டிரம்பெட்டுக்கு அடியில் எந்திரத் தாளம் வைத்துத் தருகிறார்களே, அதில் 'தாஅ-ட' இல்லை, நான்கு சமமான இடிகள்தாம் இருக்கின்றன. ஆடுகிறவர்களின் முழங்கால் விறைத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யாராவது விரும்பிக் கேட்டால் ஒன்று போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். க்ளென் மில்லரின் 'இன் த மூட்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, கூட்டத்தை மகிழ்விக்கும். இறுதியில் ஒலி தேய்ந்து தேய்ந்து முடிவது போலப் போய்த் திடீரெனத் திரும்பும், அது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் சரி. எலிங்டனின் 1933ஆம் ஆண்டு 'டேபிரேக் எக்ஸ்பிரஸ்' ரயில் மெல்லக் கிளம்பி வேகமெடுத்து மறுபடி அடங்குவதை அப்படியே இசையில் காட்டும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏறும் நம் ரயிலின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது உயிர். ஆனால் வேகம் நடுவில் மாறும் பாட்டில் யார் ஆட முடியும்? வீட்டில் கேட்பதோடு சரி.

தமிழ்ப் பாட்டு போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. 1950, 60களின் படங்களில் கிளப் காட்சிகளுக்கு இசைத்த பாட்டுகளில் ஸ்விங் நடை உள்ளவை இருக்கின்றன. இரண்டுக்கும் நான்குக்கும் சொடுக்கிப் பார்க்கும் அதே சோதனையை அவற்றுக்கும் வையுங்கள். நடுவில் தாளம் மாறி வேறு நடைக்குத் தாவுகிறதா என்று கடைசிவரை கேளுங்கள், அந்தக் காலப் பாட்டுகளில் அது அடிக்கடி நிகழும். தேறியதை மாலையின் நடுவே போட்டால், வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் நாற்காலியை விட்டு எழுவார்கள்.

பாதி மாலை கடந்ததும் ஷிம் ஷாம் ஒன்று வையுங்கள். ஜோடியில்லாமல் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து ஆடும் அந்த அடிவரிசை 1920களின் இறுதியில், காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் நடனக்காரர்களிடமிருந்து வந்தது. அதற்கு வழக்கமாகப் போடும் பாட்டுகளில் ஒன்று லன்ஸ்ஃபோர்ட் குழுவின் 1939ஆம் ஆண்டு 'டெய்ன்ட் வாட் யூ டூ'. கூச்சப்படுகிறவர்கள் அந்த ஒரு பாட்டில் கூட்டத்தோடு கூட்டமாகத் தரைக்கு வந்துவிடுவார்கள். அது முடிந்ததும் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போதே, 140இல் இதமான ஒன்றை உடனே தொடங்குங்கள். மௌனத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய ஒரே இடம் இது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. ஆகவே கடைசிப் பாட்டு ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கட்டும். "இன்னும் ஐந்து பாட்டு" என்று ஒன்பதரைக்கே சொல்லிவிடுங்கள். அந்த மாலை முழுக்க யாரோடு ஆட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார்களோ, அவர்களைத் தேடிப் பிடிக்க அந்த அறிவிப்பு உதவும். கடைசிப் பாட்டு 110, 120இல், குரல் உள்ளதாக இருக்கட்டும். விளக்கைப் போட்டபின் மெல்லிய ஒலியில் ஏதாவது ஓடவிட்டு, வெளியூர்க்காரர்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்து, டார்ச்சோடு அனுப்புங்கள். அந்த நேரத்தில் குன்னூர்ச் சாலைகளில் காட்டெருமை நிற்கும், அவர்களுக்கு அது தெரியாது.